"வழக்கம்போல்" என்னும் சொல் குறித்து ஓட்டர் தலைவருக்கு அரசி விடுத்த ஓலை

கடலும் கழியும் எல்லையாகக் கொண்ட கானல்நாட்டின் அரசி, ஏழு துறைகளின் காவல் பூண்ட ஆழிமாதேவி, நம் பெருவழிகளில் மக்களின் ஓலைகளைச் சுமந்தோடும் ஓட்டர் குழுவின் தலைவர் நெடுவழி நாயகர் கோளரி நம்பியார்க்கு எழுதுவது. உம் சாவடிகள் மழையில் ஒழுகாதிருக்க. உம் ஓட்டர்கள் முள்ளும் பாம்பும் தீண்டாமல் வீடு சேர்க. உம் மனையும் மக்களும் நலம் பெறுக.

நீர் விடுத்த ஓலை கண்டோம். அரண்மனை வாயிலில் கூடி ஓட்டர்மேல் குறை சொல்வோர் வீண் கூச்சல் இடுவதாகவும், உம்மவர் எவரும் எந்த ஓலையின் முத்திரையையும் உடைத்ததில்லை என்றும், யார் யாருக்கு எழுதுகிறார் என்று மேல்முகப்பில் தெரிவதை மட்டுமே பார்த்து அதற்கேற்ற வணிகரிடம் சொல்லி அனுப்புவதாகவும், அதனால் வேண்டியவர்க்கு வேண்டிய பொருள் வாசல் தேடி வருவதாகவும் எழுதியிருந்தீர். அழகாகவே எழுதியிருந்தீர். இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டோம்.

இதில் நகைப்புக்கும் இடம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. நம் அமைச்சர் விடங்கனார் முடி உதிர்வதற்கு மருந்து கேட்டு ஒரு மருத்துவருக்கு எழுதினார். மறுநாள் அவை கூடும் வேளையில் தைலம் விற்போர் நால்வர் வாயிலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூவினர். அவர் தலைப்பாகையைக் காதுவரை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார். அவை சிரித்தது, நாமும் சிரித்தோம். ஒரு குப்பி வாங்கவும் செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். விற்பவன் விற்கிறான், வாங்குபவர் வாங்குகிறார், இதில் அரசுக்கு என்ன வேலை என்று அன்று விட்டுவிட்டோம்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியவள் ஒரு பெண். கணவன் கையால் பல்லாண்டு அடிபட்டவள். அவனைப் பிரிந்து போனால் தாய் தனக்குத் தந்த நிலம் தன்னிடமே நிற்குமா என்று அறிய விரும்பி, மனைவியர் வழக்குக் கேட்கும் மன்றத்தாருக்கு ஓர் ஓலை எழுதி, இறுகச் சுருட்டி, அரக்கு இட்டு, உம் சாவடியில் கொடுத்தாள். முத்திரை உடையவில்லை, அதில் நீர் சொன்னது மெய். ஆனால் அந்த மன்றத்துக்கு ஒரு பெண் தனியே எழுதினால் அவள் மனத்தில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முத்திரையை உடைக்க வேண்டுமா? உம் ஓட்டன் சொல்ல, வாடகைக்கு வீடு பேசிவிடும் தரகன் ஒருவன் அவள் வாசலுக்கு வந்தான். உள்ளே கணவன் உண்டுகொண்டிருந்தான். "தனியா இருக்கப் போற அம்மா வீடு இதுதானுங்களே? கெணத்தோட சின்ன வீடு ஒண்ணு வந்திருக்கு" என்று தரகன் கூப்பிட்டான். அவன் மனத்தில் தீங்கு ஏதும் இல்லை. தொழிலைச் செய்தான், போனான்.

அன்று அவள் வலக்கை முறிந்தது. அக்கம்பக்கத்தார் கதவை இடித்துத் திறந்ததால் உயிர் பிழைத்தாள். நிலம் அவளுடையதே என்று மன்றத்தின் மறுமொழி வந்து சேர்ந்தபோது அவள் அந்த வீட்டில் இல்லை. நம்மிடம் வந்து நின்றவள், "முத்திரை முழுசாத்தான் இருந்துச்சு தாயே, நான்தான் முழுசா இல்ல" என்றாள். நமக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை.

எந்த உரிமையில் இதைச் செய்தீர் என்று உம் தலைச்சாவடியின் பொறுப்பாளர் வேம்பனாரை அழைத்துக் கேட்டோம். அவள் ஒப்புக்கொண்டாள் என்றார். எப்போது என்றோம். ஓலை வாங்கும்போது ஓட்டன் "வழக்கம்போல்தானே?" என்று கேட்பான், கொடுப்பவர் "ஆமா" என்பார், அதுவே ஒப்புதல் என்றார். நம்பியாரே, நாட்டில் பேச்சு வந்த நாள்முதல் எல்லோரும் சொல்லும் "ஆமா" அது. மழையில் நனையாமல் சுற்று, உரியவர் கையிலேயே கொடு என்பதுதான் அதன் பொருள் என்று பிறந்த குழந்தையும் அறியும். வழக்கம் மாறியதை எங்கே சொன்னீர் என்று கேட்டோம். கல்லில் பொறித்து வைத்திருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தோம். சாவடியின் பின்புறம், மாடு கட்டும் கொட்டிலின் உட்சுவரில், நம் புலவர்களே எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழைய லிபியில் அது இருந்தது. வேண்டாதவர் தலைச்சாவடிக்கு நேரில் வந்து, சாட்சி வைத்து மறுக்கலாம் என்று அதன் கடைசி வரி சொன்னது. அவ்வரியை ஒரு காளை மறைத்துக்கொண்டு படுத்திருந்தது.

உம் ஓலையின் இறுதியில் இன்னொன்றும் எழுதியிருந்தீர். வணிகர்க்குச் சொல்வதை அரசுக்கும் சொல்ல இயலும் என்றும், எல்லைக்கு அப்பால் எழுதுவோர் யார், வரியைப் பழித்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வோர் யார் என்று நாம் அறியலாம் என்றும் குறித்திருந்தீர். ஆசை வரவில்லை என்றால் அது பொய். அரியணையில் இருப்பவர்க்கு அதைவிட இனிப்பான பண்டம் வேறில்லை. பல நாள் அதையே எண்ணிக் கிடந்தோம்.

ஆனால் மனிதர் உரக்கச் சொல்ல முடியாததைத்தான் முதலில் எழுதிக் கேட்கிறார்கள். நோயும் பயமும் வெட்கமும் ஓலையில்தான் முதலில் வாய் திறக்கின்றன. அங்கும் ஒரு காது இருக்கிறது என்று தெரிந்தால் கேட்பதையே விட்டுவிடுவார்கள். விடவும் தொடங்கிவிட்டார்கள். தொழுநோய் மருத்துவர்க்கு வரும் ஓலைகள் பாதியாகிவிட்டன, நோய் பாதியாகவில்லை. ஓட்டரைக் குழப்புவதற்காக, மருத்துவர்க்கு எழுதும்போதே குதிரை வணிகருக்கும் ஓர் ஓலை எழுதிவிடுகிறார் துறையூர்க் குயவர் ஒருவர். அவர் குடிசை வாசலில் இப்போது குதிரைகள் நிற்கின்றன. அறிய வேண்டியதை அறியாமல் குடிகள் வாடும் நாட்டில், குடிகளைப் பற்றி எல்லாம் அறிந்த அரசி என்று பெயர் எடுக்க நமக்கு விருப்பமில்லை. உம் பண்டம் வேண்டாம்.

ஆகவே நாம் விதிப்பது இது. இவ்வோலை கண்ட அன்றே அந்தக் கல்லைப் பெயர்த்தெடுப்பீராக. "வழக்கம்போல்" என்னும் சொல்லுக்கு மக்கள் கொண்ட பழைய பொருளே இனிப் பொருள். வணிகர்க்குச் சொல்ல விரும்பினால், ஓலை கொடுப்பவர் முகம் பார்த்து, அவர் பேசும் மொழியில், யாரிடம் எதைச் சொல்வோம் என்று முழுதும் கேட்பீராக. தலையசைப்பும் மௌனமும் ஒப்புதல் ஆகா. மறுத்தவர் ஓலையும் அதே வேகத்தில் ஓட வேண்டும். யார் யாருக்கு எழுதினார் என்பதை, ஓலை கைமாறிய பின் நினைவில் வைத்திருக்கும் ஓட்டன் பெருவழியில் கால் வைக்கலாகாது. கேட்பது வணிகராயினும், உறவினராயினும், நம் அரண்மனையாயினும் விடை ஒன்றே: தெரியாது.

இதில் காலம் தாழ்த்த வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அப்பெண்ணின் கணவன் நாள்தோறும் உம் சாவடி வாசலில் நின்று, அவள் எங்கிருந்து யாருக்கு எழுதுகிறாள் என்று ஓட்டர்களை நயந்து கேட்கிறான். அவள் தாயோ மகள் இறந்துவிட்டதாக எண்ணி அழுதுகொண்டிருக்கிறாள். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுத இடக்கையால் பழகிவிட்டாள் மகள், எழுதியும் வைத்திருக்கிறாள், உம் ஓட்டரிடம் கொடுக்கத்தான் அஞ்சுகிறாள். எம் ஆளை அனுப்பலாம் என்றோம். அரண்மனை ஆள் வந்து போன வீட்டை ஊரே பார்க்கும் என்று மறுத்துவிட்டாள்.

கானல்நாட்டு ஆழி முத்திரை பதித்து, நம் கண்முன் அரக்கு இடுவித்து இதனை விடுத்தோம். அவள் பெயரையும் ஊரையும் இதில் எங்கும் எழுதவில்லை. தேட வேண்டாம். இவ்வோலையும் உம் ஓட்டன் கையில்தான் வருகிறது.