ரதி பார்க்கும் இடம்

என்னங்க,

கடைசிப் படத்தை மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் அரிதாரம் மணக்கிறது. ரதியின் முகத்துக்கு எந்தச் சாயமும் ஒத்துவரவில்லை என்று, கூத்துக்குப் பூசி மிஞ்சிய அரிதாரத்தைக் கோந்தில் குழைத்துத் தீட்டினீர்கள். ரதி வேஷம் கலைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காரும்போது உங்கள் மேல் வரும் மணம் இது. காலையிலிருந்து முகர்ந்துகொண்டே இருக்கிறேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

பாலர் பாடசாலையில் நம் மகளுக்குக் கொடுத்த படப் புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளும் கம்பளித் தொப்பி போட்டுப் பனியில் விளையாடினார்கள். "நம்ம தோட்டத்துல வருஷா வருஷம் காமன் எரியிறான். அத ஒரு புள்ளயும் புத்தகத்துல பாத்ததில்ல" என்று அன்றைக்கே பென்சிலை எடுத்தீர்கள். நான் கதை எழுத, நீங்கள் வரைய, தேயிலைத் தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பரா முழுக்கத் தாள் காய்ந்தது. சோறு வைக்க இடமில்லை என்று சண்டை போட்டேன். இப்போது இடத்துக்குக் குறைவில்லை.

சிவன் எரித்த காமனை, ரதி அழுது வரம் வாங்கி எழுப்புகிற கதை. கடைசிப் பக்கத்தில் ரதி மட்டும் காமன் கம்பத்தடியில் நின்று சிரிக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் வெற்றுத் தாள். அதோடு ஐப்பசி மழையில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். கீழே ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அட்டன் டவுனில் அச்சகம் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நம் நானா, படங்களைப் புரட்டிவிட்டு, "தங்கச்சி, மத்ததெல்லாம் சரி. கடைசிப் பக்கத்துல காமன காணல்லயே. அவர் இல்லாம எப்படி முடிக்கிற?" என்றார். பாவம், அவர் படத்தைத்தான் கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

காமனைத் தனியாக எங்காவது வரைந்து வைத்திருப்பீர்கள் என்று பெட்டி, பரண், தலையணை உறை வரைக்கும் தேடினேன். இல்லை. அவனையும் ஏன் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனீர்கள்? நான் ஒருத்தி போதாதா? கடைசியில், கடைப் பலகை எழுதும் தம்பியைக் கூட்டி வந்தேன். பென்சிலால் கரும்பு வில்லோடு ஓர் ஆளை வரைந்து, "அண்ணி, மீச வச்சிரவா?" என்றான். ஏதோ செய் என்றேன். நாளைக்குப் பெயின்ட்டோடு வருகிறேன் என்று போனான்.

அன்று சாயங்காலம்தான் கீழே பொட்டலில் காமனை எழுப்பினார்கள். தப்பு மேளச் சத்தம் கேட்டதும் மகள் இழுத்துக்கொண்டு ஓடினாள். உங்கள் கூத்துச் சேலையை வேறொருவர் கட்டியிருந்தார். எழுப்பும் நாளில் காமன் வேஷக்காரர் பொட்டலுக்குள் வருவதில்லை அல்லவா? அழுதுகொண்டே வந்த ரதி, கம்பத்துக்குப் பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

உங்கள் ரதியும் இப்படித்தான் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் நான் கேட்டேனே, "யாரப் பாத்து அப்புடிச் சிரிச்சீங்க?" என்று.

"காமனத்தான். எழும்பி வந்தவன் ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான். சிவன் குடுத்த வரமே அதுதான புள்ள."

பக்கத்தை நீங்கள் முடித்துத்தான் வைத்திருந்தீர்கள். எனக்குத்தான் எட்டவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து வில், மீசை எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தேன். மறுநாள் நானாவிடம், "இப்புடியே அடிங்க நானா, ஆள் இருக்காரு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். படங்களை அள்ளிக்கொண்டு மெஷின் பக்கம் போனார்.

நேற்றுப் புத்தகம் வந்தது. படத்தைத் திருப்பி வாங்கி, நோர்வூட் பஸ்ஸில் யாரும் நசுக்கிவிடாமல் மார்போடு வைத்துக்கொண்டு வந்தேன். மகள் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ரதி பார்க்கும் இடத்தையே நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளைத் தாள் தெரிகிறது. ரப்பர் தேய்த்த தடம் தெரிகிறது. என் கண்ணுக்குக்கூடவா தெரியமாட்டீர்கள்?