தோற்றவர் எழுத வேண்டும்

மார்ச் 9

டேய் சைரன்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிறவன் இப்படி ஒரு காரியம் செய்யமாட்டான்.

உன் கடிதம் இன்று வந்தது. சலூனில் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் செய்து, மீதியை நுரையோடு விட்டுவிட்டுப் பிரித்தேன். "உங்கள் பையன்கள் நன்றாக ஆடினார்கள். வெற்றிக்கு வாழ்த்துகள்" என்று எழுதியிருக்கிறாய். யாருடைய வெற்றி? எங்கள் மைதானத்துக்கே வந்து, எங்களை இரண்டுக்கு ஒன்று என்று சாத்திவிட்டுப் போனது உங்கள் பையன்கள். தோற்றவனுக்கு வாழ்த்தா? நக்கலா?

இருபத்தாறு வருடமாக நமக்குள் ஒரே சட்டம். கால்பந்தில் உன் பச்சை டீமும் என் நீல டீமும் மோதினால், தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கைப்பட எழுத வேண்டும். ஜெயித்தவன் முந்திக்கொண்டு எழுதிக் குத்திக்காட்டுவதற்கு அதில் இடமே இல்லை.

மேட்சுக்கும் நீ வரவில்லை. உங்கள் பஸ் வந்ததும் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். உங்கள் டீக்கடைக்காரர்தான் சொன்னார், "வீட்டு முன்னாடி பத்து நிமிஷம் ஹாரன் அடிச்சோம், ஆள் வரல" என்று. தூங்கிவிட்டாயா? நீயா?

பதில் போடு. மன்னிப்புக் கேட்டு நாலு பக்கமாவது வேண்டும்.

கோபத்துடன்,
கத்திரி

*

மார்ச் 15

கத்திரி மாமாவுக்கு,

வணக்கம். நான் சைரனின் மகள். அப்பா உங்களை இந்தப் பெயரில்தான் சொல்லுவார். அதனால் அப்படியே எழுதிவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம்.

அப்பா இறந்துவிட்டார். அந்த மேட்ச் அன்று காலையில்தான். பஸ்ஸுக்குக் கிளம்பி, ஷூ நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வாசலுக்குப் போய்ச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டது நான். ஐந்தாம் நாள் வீட்டைத் துடைக்கும்போது ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. உங்கள் முகவரி, ஸ்டாம்ப், எல்லாம் சரியாக இருந்தன. தோற்றால்தான் உங்களுக்கு எழுதுவார் என்று எனக்குத் தெரியும். ஆகவே நாங்கள் தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். யார் ஜெயித்தது என்று வந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாங்கள் ஜெயித்தோம் என்பதே நீங்கள் திட்டி எழுதியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அப்பா படத்துக்கு முன்னால் போய் "ரெண்டுக்கு ஒண்ணு" என்று சொன்னேன். அம்மா அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆனால் மேட்ச் நடப்பதற்கு முன்பே அந்தக் கடிதம் எப்படி வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு ஷூ பெட்டியை இழுத்தார். உள்ளே இருபத்திரண்டு கவர்கள், எல்லாம் உங்கள் முகவரிக்கு. "மேட்ச்சுக்கு முன்னாடியே தோத்த மாதிரி எழுதி ஒட்டி வெச்சிடுவாரு. எழுதி வெச்சா தோக்க மாட்டோமாம். ஜெயிச்சா பொட்டிக்குள்ள, தோத்தா தபால் பெட்டிக்குள்ள. கத்திரிக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு" என்றார்.

சத்தியத்தை நான் உடைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மகள்

*

மார்ச் 21

அன்பு மகளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் ஏன் என்று கேட்டார்கள். "எதிரி செத்துட்டான்" என்றேன்.

நான் தோற்றால் மூன்று நாள் பேனாவைத் தொடமாட்டேன். தொட்டால் காகிதம் கிழியும். உன் அப்பன் கடிதம் மட்டும் அத்தனை நிதானமாக, கோணாமல், ஒரு அடித்தல் இல்லாமல் வரும். என்ன மனசுடா இவனுக்கு என்று இருபத்தாறு வருடமாகப் பொறாமைப்பட்டேன். திருட்டுப் பயல்! கோல் கணக்கை ஒருமுறைகூட எழுதவில்லையே என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? சிரித்துச் சிரித்து அழுதேன் அம்மா.

அடுத்த மோதல் ஏப்ரல் 18, உங்கள் மைதானத்தில். என் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. பஸ் ஏறக் கூடாது என்கிறார் டாக்டர். நீ போ. கோல் கம்பத்துக்குப் பின்னால், கேலரியில் இரண்டாம் படி, தண்ணீர்க் குழாய் பக்கம் அவன் இடம். உங்களுக்குக் கார்னர் கிடைத்தால் "எந்திரி!" என்று ஒரு சத்தம் போடுவான். அந்தப் பக்கத்துப் படிகள் முழுக்க ஒரே ஆளாக எழும். கம்பத்துக்கு நடுவே நிற்கும் எங்கள் கோலிக்குக் கால் நடுங்கும். அந்தச் சத்தம் இல்லாமல் ஜெயித்தால் எனக்கு அது ஜெயிப்பே இல்லை.

யாராவது கத்த வேண்டும். நீ கத்து.

அன்புடன்,
கத்திரி மாமா

*

மார்ச் 27

கத்திரி மாமாவுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறீர்கள்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நான் "உள்ளேன்" என்று சொல்வது கேட்காது. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், ஆப்சென்ட் போடுவார்கள். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இப்போது தையல் கடையில் காஜா எடுக்கிறேன், பட்டன் வைக்கிறேன். மெஷின் சத்தத்தில் யாரும் என்னைப் பேசச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் அந்த வேலை பிடித்திருக்கிறது.

டீக்கடைக்காரரும் வந்தார். "பாப்பா, அப்பா எடத்துல வேற யாரும் நிக்கல. நீ வா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்து தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு அதுவும் தெரிந்திருக்காது.

அன்று ஹாரன் அடித்தபோதே வராத குரல், மாமா.

இப்படிக்கு,
மகள்

*

ஏப்ரல் 19

அன்புள்ள கத்திரி மாமாவுக்கு,

ஒன்றுக்குப் பூஜ்யம். நாங்கள் தோற்றோம். உங்கள் பையன்கள் நன்றாக ஆடினார்கள் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அந்த கோல் ஆஃப்சைடு. அதையும் எழுதிவிட்டேன்.

நேற்றுக் காலையிலேயே அப்பா மாதிரி ஒரு கடிதம் எழுதி ஒட்டி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். அப்படியும் தோற்றோம். அதையே உங்களுக்குப் போட்டிருக்கலாம். ஆனால் நடந்தது எதுவும் அதில் இல்லையே.

போவதாகவே இல்லை. அம்மா அப்பாவின் பச்சைச் சட்டையைக் கையில் கொடுத்தார். தோளில் பிடித்து நான்கு அங்குலம் தைத்துச் சின்னதாக்கியிருந்தார், நான் வேலைக்குப் போயிருந்தபோது. "நான் தைச்சது கோணலா இருக்கும். பார்த்துச் சிரிக்காம போட்டுக்க" என்றார். அதற்குப் பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

இரண்டாம் படியில் அப்பா இடம் காலியாகத்தான் இருந்தது. முதல் கார்னர் வந்தது. எல்லோரும் குழாயடியைப் பார்த்தார்கள். நான் "எந்திரி" என்றேன். எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீக்கடைக்காரர் என் வாயைப் பார்த்துவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து அவர் பின்னால் இருந்தவர் எழுந்தார். அப்புறம் அடுத்த படி, அதற்கு அடுத்த படி. கடைசிப் படி எழுவதற்குள் பந்து வெளியே போய், உங்கள் கோலி கோல் கிக்கே அடித்துவிட்டார். எல்லோரும் சும்மா நின்றுகொண்டிருந்தோம். ஒருவர் சிரித்தார், அப்புறம் படிகள் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு தொண்டை கொஞ்சம் லேசாக இருந்தது.

இரண்டாவது கார்னர் எண்பதாவது நிமிடம். இந்தத் தடவை பந்தை வைக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். கண்ணைத் திறந்தபோது எனக்கு முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. எல்லோரும் எழுந்திருந்தார்கள். இடுக்கில் எட்டிப் பார்த்தேன். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. உங்கள் கோலிக்குக் கால் நடுங்கியது, நான் பார்த்தேன்.

வெளியே வரும்போது டீக்கடைக்காரர் என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, "கேட்டுச்சு பாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா எழுதி வைத்த இருபத்திரண்டு கவர்களையும் இதோடு பார்சலாக அனுப்புகிறேன். எல்லாம் உங்கள் பெயருக்கு எழுதியவை. அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துவிடாதீர்கள்.

அடுத்த மேட்ச் செப்டம்பரில், உங்கள் மைதானத்தில். பஸ்ஸில் எனக்கும் ஒரு சீட் சொல்லியிருக்கிறேன். முழங்காலைச் சரிசெய்துகொண்டு வாசலில் நில்லுங்கள். பச்சைச் சட்டை, தோள் தையல் கோணலாக இருக்கும், அதுதான் நான்.

எதற்கும் இப்போதே ஒரு ஸ்டாம்ப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடவை எழுதப்போவது நீங்கள்தான்.

அன்புடன்,
இரண்டாம் படி, குழாயடி