சத்திரக்காரியின் முகம்

மார்கழி 13, சனி

பனி. பல்கனிக் கதவு திறக்க முடியவில்லை. பிறஷர் மாத்திரை போட்டாச்சு. கோதுமை மாவும் உப்பும் குழைத்தேன். கோயிலில் பாலன் குடிலுக்கு உருவம் செய்வது இந்த முறையும் நான்தான். மாதா, சூசையப்பர், இடையர் மூன்று, ஆடு ஐந்து. ஒன்றுக்குக் கால் போய்விட்டது.

இந்த வருசம் சத்திரமும் வைக்கிறேன். என் சொந்த யோசனை. கதவைப் பாதி திறந்து, மாதாவுக்கு இடமில்லை என்று சொல்லும் சத்திரக்காரி. கை தானாகப் போனது என்று எழுத வந்தேன். பொய். வேண்டுமென்றே பிலோமினாவின் முகத்தை வைத்தேன். தடித்த புருவம், கன்னத்தில் மிளகளவு மச்சம்.

முப்பது வருசம். இடம்பெயர்ந்து போன அன்று, மத்தியானம், கொட்டுகிற மழை. கையில் எட்டு மாதப் பிள்ளை ஜெயந்தி. பிலோமினா என் மனுசனின் கூடப்பிறந்த தங்கச்சி. கதவு நீக்கலால் பார்த்து, இங்கே இடமில்லை, அங்கால போ என்றாள். நீலச் சட்டை. வாசலில் வேப்பிலை. முற்றத்தில் கவிழ்த்த வாளி. ஒன்றும் மறக்கவில்லை. இங்கே மொன்றியலிலும் ஒரே கோயில், பூசைக்கு இரண்டு வாங்கு தள்ளி உட்காருகிறாள். கதைப்பதில்லை.

மார்கழி 14, ஞாயிறு

பூசை முடிந்து குடிலைச் சுற்றிச் சனம். பேத்தி அனுஷா, "அம்மம்மா, இது பொல்லோட வாற ஆச்சியெல்லோ" என்றாள். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் உள்ளே சிரித்தேன். பாலனுக்கு முன்னால் நின்று. அதையும் எழுதி வைக்கிறேன்.

பொல்லை ஊன்றிக்கொண்டு பிலோமினா வந்தாள். குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துத் திரும்பவும் பார்த்தாள்.

"மச்சம் இடப்பக்கமடி. நீ வலப்பக்கம் வைச்சிருக்கிறாய்."

பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி: "உள்ள மூண்டு பிள்ளையளுக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்புளம். உன்ர கையில பச்சைப் பிள்ளை. வேப்பிலையைக் கண்டிருப்பாயெண்டு நினைச்சன்."

போய்விட்டாள்.

காரில் லாசாலுக்கு, வீட்டுக்கு, ஜெயந்திதான் கொண்டு வந்து விட்டாள். இறங்கும்போது என்ன சொன்னவ என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப அந்த மாமியோட கதைக்காதையெண்டு எங்களை ஏனம்மா வளர்த்தனீங்கள்?"



மார்கழி 16, செவ்வாய்

மழையும் பனியும். பாவசங்கீர்த்தனம். பரிகாரத்துக்கு மூன்று அருள்நிறை மந்திரம் போதுமா என்று சாமியிடம் நானே கேட்டேன். போதாது, முதலில் அவவோடு கதையுங்கள் என்றார். தமிழ்நாட்டுப் பொடியன். ஜெயந்தியின் வயசு வரும். முகம் பார்க்க முடியவில்லை.

வேப்பிலை எத்தனை தரம் கண்ணுக்குள் வந்தது. ஏன் செருகினாள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. கோபத்துக்கு அது தேவைப்படவில்லை.

மார்கழி 20, சனி

வெயில், ஆனால் கடும் குளிர். வாங்க வேண்டியது: பால், பற்றறி, மா.

சத்திரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். முகத்தை அழிக்கவில்லை. மச்சத்தை ஊசியால் கிள்ளி இடப்பக்கம் வைத்தேன். வேப்பிலைக்கு எங்கே போவது? கறிவேப்பிலைக் கொழுந்து செருகினேன். கதவுக்குப் பின்னால், பாயில், மூன்று பிள்ளைகள். விரலளவு. வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. அன்று நான் நின்ற இடத்திலிருந்தும் தெரியாது.

பிலோமினாவின் போன் நம்பர் எனக்கு மனப்பாடம். ஒருநாளும் எடுத்ததில்லை. பின்னேரம் எடுத்தேன்.

"ஆர்?" என்றாள்.



"மச்சாள், வேப்பிலையைக் கண்டனான்."