விரியன் அல்ல, நாகத்தின் உறவு

இன்று காலை மலையடிவாரத்து லாட்ஜ் ஒன்றின் பின்புறம் ஒரு பாம்பை நசுக்கிப் போட்டிருந்தார்கள். தலை இருந்த இடத்தில் கருங்கல். வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. "கட்டுவிரியன் தாத்தா, கிட்ட போவாத" என்றான் கல்லைப் போட்டவன். குனிந்து முதுகைப் பார்த்தேன். கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவே ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் அகலமாக இருக்கும். இதற்கு இல்லை. விஷமே இல்லாத வெள்ளிக்கோல் வரையன். உடம்பில் அதேபோல வெள்ளைக் கட்டுகள் இருந்ததற்காகச் செத்தது. சொன்னேன். சிரித்தான். உன் ஞாபகம் வந்தது.

நீயும் அப்படித்தான் சிரிப்பாய். எட்டாவதோடு நின்ற நான், பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய உயிரியல் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்து டீக்கடையில் உன்னைப் பிடித்துக்கொள்வேன். "இன்னாடா, பாம்புக்கும் ஜாதகம் எழுதிகினு கீறியா?" என்பாய். ஒரு நாள், செத்த கட்டுவிரியனின் தலையைப் பிளேடால் பிளந்து பெஞ்சின் மேல் வைத்தேன். கண்ணாடிவிரியனின் பல் நீளமானது, வாய்க்குள் மடங்கும். இதன் பல் குட்டை, மடங்காது. நாகத்தின் பல்லும் அப்படித்தான். பெயரில்தான் விரியன், வந்த வழி நாகத்தோடு, இரண்டுக்கும் மூதாதை ஒன்று.

"அப்போ பேரு வச்சவன் மடையனா?"

"ஆங்" என்றேன். டீயை என் சட்டையில் ஊற்றினாய். உன் டம்ளரைத் தட்டிவிட்டேன். மறுநாளும் ஒன்றாகத்தான் டீ குடித்தோம்.

பிறகு, திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்புத் தோட்டம். காலையில் நீ வாரி அணைத்துத் தூக்கிய காய்ந்த கரும்பிலைச் சோகைக்குள் கட்டுவிரியன் கிடந்தது. உன் முழங்கையில் கடித்தது. உன் மச்சான் அதை மண்வெட்டியால் கொத்தினான். செத்த பிறகும் கொத்தினான். நீ கையை நீட்டிக் காட்டினாய். "வீங்கல பாருடா. விரியன் கடிச்சா இந்நேரம் தலகாணி மாதிரி ஆயிருக்கும்."

"பல்லு பதியல பாவா, நீ உக்காரு" என்றான் உன் மச்சான்.

இது நாகத்தின் இனம், விஷம் நரம்பைப் பிடிக்கும், வீக்கம் காட்டாது என்று கத்தினேன். நீ நகரவில்லை. அறைந்தேன். காலரைப் பிடித்து பைக் வரை இழுத்தேன். உன் மச்சான் முழுக்கரும்பால் என் வலது மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு பேர் என்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். வாயெல்லாம் மண். "பாம்பு கடிச்சது அவர, வெறி புடிச்சது உனக்கா?" என்றான் ஒருவன். நீ வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தாய். வெயில் ஏறியபோது உன் இமைகள் இறங்கின. பீடி உதட்டில் நிற்கவில்லை. அப்போதுதான் உன்னைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது. பிளந்து காட்டியும் நம்பாத உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

போன மழைக்காலத்தில், அதே தோட்டத்தில், உன் மச்சான் பெண்டாட்டியைக் கட்டுவிரியன் கடித்தது. வீக்கம் இல்லை. அவன் யாரையும் கேட்கவில்லை, பைக்கை உதைத்தான். ஊசி போட்டுப் பிழைத்து வந்தாள். நீ திரும்பி வந்திருக்க வேண்டிய பாதையில் அவள் வந்தாள். அவன் என் வாசலில் வந்து நின்று, "நீங்க சொன்னது மெய்தாங்க" என்றான். கதவைச் சாத்தினேன்.

என் மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது. கட்டுவிரியன் நாகத்துக்குச் சொந்தம் என்று இந்த ஊரில் எவனிடமும் சொல்வேன். அடிக்க வந்தால் வரட்டும். இடது கை இன்னும் நேராகத்தான் இருக்கிறது.