சொந்த வீட்டில் ஒரு ராத்தங்கல்

அன்புள்ள மகள் மனாமிக்கு,

அம்மா எழுதுவது. இடது கால் கட்டைவிரலில் இருக்கும் ஒரு கொப்புளத்தைத் தவிர இங்கே நான் நலம்தான். அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ரின்னும் நலமாக இருக்க தாய்ஷி மகானை வேண்டிக்கொள்கிறேன். ரின்னுக்கு இருமல் நின்றதா? நிற்கவில்லை என்றால் முள்ளங்கியைத் துண்டு போட்டுத் தேனில் ஊறவைத்து அந்தச் சாற்றைக் கொடு. மற்றபடி உன் மேல் எனக்குக் கோபம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் கிளம்பும் நேரம் பார்த்து வந்து சேர்ந்ததே உன் கடிதம், என்ன எழுதியிருந்தாய்? "அம்மா, இந்த வயசுல எதுக்குத் தாய்ஷியோட எண்பத்தெட்டுக் கோயிலுக்கும் நடக்கணும்? அப்பா பாவம், இப்பதான் வேலையில இருந்து ஓய்வு வாங்கியிருக்கார். பஸ்ல போற கூட்டத்தோட போயிட்டுச் சீக்கிரம் வீடு திரும்பு." அப்பா பாவமா? அந்த மனிதர் ஓய்வு பெற்ற அன்று நடந்தது உனக்குத் தெரியுமா? கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்த பூங்கொத்தோடு வந்தார், அதை அப்படியே கழுவு தொட்டியில் போட்டார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "நாளையில இருந்து மத்தியானச் சோறும் வீட்டுலதான்" என்றார். அவ்வளவுதான். கல்யாணமான நாளில் இருந்து சோறு, குளியல், படுக்கை என்று மூன்று வார்த்தையில் குடும்பம் நடத்திய மனிதர், இப்போது முதல் வார்த்தையை மட்டும் ஒரு வேளை கூட்டிக்கொண்டார். அவருக்கு ஓய்வு வந்தது சரி, எனக்கு எப்போது வரும் என்று யாராவது கேட்டீர்களா?

நம் வீட்டு வாசல் வழியாகத்தான் யாத்திரைப் பாதை போகிறது. உன்னைச் சுமந்துகொண்டிருந்தபோதுகூட நான் டீயும் ஆரஞ்சுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் நின்றேன். வருகிற யாத்திரைக்காரர்கள், அந்த ஹென்ரோ எல்லாரும் டீயைக் குடித்துவிட்டு, "நீங்க நடந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்பார்கள். "இன்னும் இல்லைங்க" என்று சிரித்துச் சிரித்து எனக்கு வாயே வலித்துப்போனது. ஊருக்கெல்லாம் அது வழி, எனக்கு மட்டும் அது வாசல்! பூங்கொத்து தொட்டியில் விழுந்த அன்றே நடப்பதென்று முடிவு செய்தேன். நடந்து முடித்த பிறகுதான் அந்த வீட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று சொல்வேன் என்றும் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடிக்காமலே, "அப்ப எனக்கு யாரு சோறு போடுவா?" என்றார். அதற்குள் உன் தோஷிகோ அத்தை ஓடி வந்தாள். அண்ணனுக்கு ஒன்றென்றால் அவள் கால் தரையில் பாவாதே. யாத்திரைக்கு நான் வாங்கி வைத்திருந்த வெள்ளை மேலங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பொணத்துக்குப் போடற வெள்ளை இது. புருஷன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்போது உங்களுக்கு என்ன அண்ணி வந்துச்சு?" என்றாள். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பதுதான் வந்தது என்று சொல்லிவிட்டு, தடியையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு ரயிலேறி முதல் கோயிலுக்குப் போய்விட்டேன்.

முதல் பத்துக் கோயிலும் சமவெளிதான், சிரமமில்லை. மறுநாள் சாயங்காலம் யோஷினோ ஆற்றின் தாழ்ந்த பாலத்தைக் கடந்தேன். பாலத்தின் அடியில் தாய்ஷி படுத்திருப்பார் என்பதால் தடியை ஊன்றாமல் கையில் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன், கொப்புளம் அப்போது வந்ததுதான். பாலம் தாண்டினால் நம் தெரு. தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வேறு யார் வீட்டையோ கடப்பதுபோல் கடந்துவிடலாம் என்றிருந்தேன். வாசலில் உன் அப்பா நிற்கிறார். அவருக்குப் பின்னால் தோஷிகோ. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தலை குனிந்து, மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி, "ஹென்ரோ அம்மா, களைச்சுப் போயிருப்பீங்க. இன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல தங்கிட்டுப் போங்க. இது எங்க ஒசெத்தாய்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. யாத்திரைக்காரிக்கு யார் ஒசெத்தாய் என்று எதைக் காணிக்கையாகக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது, அது மகானுக்கே கொடுப்பது. டீயானாலும் ராத்தங்கலானாலும் அதே முறைதான். இது உன் அப்பா மூளையில் உதித்திருக்குமா? எல்லாம் தோஷிகோவின் வேலை. ஒரு தரம் உள்ளே வந்துவிட்டால் அடுக்களையைப் பார்ப்பேன், பார்த்தால் கை சும்மா இருக்காது, கை வைத்தால் யாத்திரை அன்றோடு சரி என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கோயில் வழக்கத்தைக் கொண்டு எனக்கே பொறி வைக்கிறார்கள்!

சரி, முறை என்றால் முழு முறையும் நடக்கட்டும் என்று நானும் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன். வாசலிலேயே நின்று தடியை நீட்டினேன். தடிதான் மகான், வீட்டுக்காரர் முதலில் அதன் காலைக் கழுவ வேண்டும். உன் அப்பா பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து வந்து, குந்தி உட்கார்ந்து தேய்த்தார். பிறகு தடியைக் கூடத்து மாடத்தில் சாய்த்து வைத்தார். நான் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் அடுக்களை தெரிகிறது. மனாமி, என்ன கோலம் அது! தொட்டி நிறையக் கிண்ணங்கள், அதன் மேல் அந்தப் பூங்கொத்து காய்ந்து கருகிக் கிடக்கிறது. எனக்குக் கை அரித்தது, பொய் சொல்ல மாட்டேன். எழுந்திருக்காமல் இருக்க மடியில் இரண்டு கையையும் கோத்து இறுக்கிக்கொண்டேன். உன் அப்பா அரிசி கழுவி வைத்து வெகுநேரம் காத்திருந்தார், குக்கருக்குச் சுவிட்சே போடவில்லை. பிறகு தலையை நீட்டி, "ஹென்ரோ அம்மா, உப்பு எங்க இருக்கும்?" என்று கேட்டார். "நான் வழிப்போக்கிங்க, உங்க வீட்டு உப்பு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

தோஷிகோவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. என் எதிரில் வந்து நின்று, "எங்கண்ணன் கரண்டி பிடிக்கத் தெரியாம தடுமாறுது, நீங்க சாமி மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டிருக்கீங்க. எந்திரிங்க அண்ணி!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் உன் அப்பா கையில் கரண்டியோடு வந்தார். "தோஷிகோ, கையை விடு. அவங்க நடந்து களைச்சு வந்திருக்காங்க. நீ வீட்டுக்குப் போ" என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். உனக்கு இது கேட்க இதமாக இருக்கும், எனக்கு அழுகை வந்தது, ஆனால் ஆத்திரத்தில் வந்த அழுகை. உன் பாட்டியின் படுக்கையைத் துவைத்து, உன்னைப் பள்ளிக்கு அனுப்பி, வயலிலும் நின்றுவிட்டு வந்த நாளெல்லாம் நான் களைத்து வரவில்லையா? பெண்டாட்டியாக இருந்தபோது கண்ணில் படாத களைப்பு, வெள்ளை மேலங்கி போட்டதும் பட்டுவிட்டதா? தெருவில் போகிறவளுக்குக் கிடைக்கும் 'நீங்க' எனக்கு இத்தனை வருஷம் ஏன் கிடைக்கவில்லை? அந்தக் குழைந்த சோற்றை இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் தின்றேன். அவரே படுக்கை விரித்தார், தலையணையை வடக்கே வைக்கக் கூடாது என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

காலையில் கிளம்பும்போது ஏதோ தாளில் சுற்றி மூன்று சோற்று உருண்டை கொடுத்தார். முக்கோணமாகப் பிடிக்கப் பார்த்து மூன்றும் மூன்று கோலத்தில் இருந்தன. ஒசெத்தாய் வாங்கினால் பெயர்ச்சீட்டு கொடுக்க வேண்டுமே, அதில் பெயரும் ஊரும் வேண்டுதலும் எழுதி அவர் கையில் கொடுத்தேன். தெரு முனை வரை கூடவே வந்தார். ஹென்ரோவை வழியனுப்பும்போது "பத்திரமாப் போங்க" என்றுதானே சொல்வோம், அவர் "போயிட்டு வா" என்றார். வீட்டு ஆளுக்குச் சொல்கிற சொல். தினமும் காலையில் வாசலில் நின்று அவருக்கு நான் சொன்னது. "போயிட்டு வர்றேன்" என்று பதில் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு நடந்தேன். நேற்று பன்னிரண்டாம் கோயில் மலை ஏறும்போது உச்சிக்கு முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து உருண்டைகளைப் பிரித்தேன். கடலையே அள்ளிப் போட்டது மாதிரி உப்பு. ஒசெத்தாயை எறியக் கூடாது, மூன்றையும் தின்று தண்ணீர் முழுவதையும் குடித்துத் தீர்த்தேன்.

ஆகவே எனக்கு இனிமேல் புத்தி சொல்லாதே. நடக்க எனக்கு இன்னும் நிறைய வழி இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள், ரின்னுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசி, தாய்ஷி உங்கள் மூவரோடும் துணைக்கு நடக்கட்டும். ஒரே ஒரு விஷயம் மறக்காதே. அப்பா போன் செய்து உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டால் நீ சொல்லிக் கொடுக்கக் கூடாது, அவரே கண்டுபிடிக்கட்டும். சீட்டில் வேண்டுதல் என்ற இடத்தில் நான் எழுதியது அதுதான்: "நான் சுற்றி முடிப்பதற்குள் இந்த வீட்டுக்காரருக்கு உப்பின் அளவு தெரிய வேண்டும். தெரிந்ததா என்று வந்து தின்று பார்ப்பேன்."

இப்படிக்கு,
பாதி வழிகூட வந்திராத உன் அம்மா,
ஹருயே