கத்திரி விதையில் பூஞ்சணம்

ஏங்க,

சோறு அடுப்புமேல இருக்கு. மேஜையில இருக்கிற மூடின தட்டைத் திறந்துடாதீங்க. உங்க டப்பாவில இருந்த கத்திரி விதையை எங்க விதைப் பரிசோதனை ஆபீஸ்ல சோதிக்கிற மாதிரி ஈரக் காகிதத்துல வச்சேன். வெள்ளையா பூஞ்சணம் படர்ந்திருக்கு. விதை சரியா காயறதுக்கு முன்னாடியே அடைச்சு வச்சுட்டீங்க. நாத்து தண்டு அழுகிச் சாஞ்சது அதனாலதான். நான் தண்ணியை அளவுக்கு மீறி ஊத்திக் கொன்னுட்டேன்னு சண்டை போட்டீங்களே.

விதை வாங்க உங்க அக்கா வருவாங்க. அந்த டப்பாவைக் கொடுக்காதீங்க, அலமாரியில புதுப் பொட்டலம் இருக்கு. நாத்து ஏன் செத்துச்சுன்னு கேட்டா, என்மேலேயே பழியைப் போட்டுக்கோங்க. உங்க மானம் எனக்கும் வேணும்.

பி.கு: தட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நாம பேசாம இருந்த நாளெல்லாம் நான் பேசினது அந்தப் பூஞ்சணத்தோடதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசல, பாவம்.