கற்பூரவல்லிக்கு வந்தவள்

நவம்பர் 8, சனி

புகைமூட்டம். தொண்டைக் கரகரப்பு. பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

நளினி வந்தாள்! மகள் வயிற்றுப் பேத்தி. மகள் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாப்பிள்ளை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன பிள்ளை; அதற்கப்புறம் இன்றுதான் கண்ணில் பார்க்கிறேன். அன்று அவன் போட்டிருந்தது நீலக்கோடு சட்டை, காலரில் குங்குமக் கறை. மறப்பேனா.

இப்போது ஆராய்ச்சி படிக்கிறாளாம். கற்பூரவல்லி இலையிலிருந்து எண்ணெய் இறக்கி, அதில் கிருமி சாகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"ஆச்சி, எல்லாத்தையும் பறிச்சுக்கட்டுமா?"

"ஒரேயடியா பறிச்சா செடி செத்துரும்ட்டி. வாராவாரம் வா, ஒரு பை தாரேன்."

சாகாது. ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். சொல்லவில்லை.

நவ. 15, சனி

வந்தாள். மூன்று தோசை. கழுத்து அப்படியே அவள் அம்மா.

மருமகள் அடுக்களையிலிருந்து, "என்ன அத்தை, இலைக்கு ரேஷனா?" இதையும் மனசில் வைத்திருக்கிறேன்.

நளினி போனில் படம் காட்டினாள். வட்டத் தட்டு நிறையக் கிருமி, ஆடை படிந்த மாதிரி. நடுவில் எண்ணெய் தொட்ட காகிதப் பொட்டு. அதைச் சுற்றி மட்டும் துடைத்த மாதிரிச் சுத்தம்.

"கிட்டயே வரல ஆச்சி, தேக்கோ, பாருங்க!"

நவ. 22, சனி

குளிர். முட்டி வலி. வந்தாள், உட்காரவில்லை.

ஒரு வார எண்ணெய் போல இன்னொரு வாரம் இல்லையாம். குளிர் ஏற ஏற இலையிலுள்ள சரக்கு மாறுகிறதாம். தட்டில் வட்டமும் சுருங்கிவிட்டதாம்.

"சார் திட்டுறார் ஆச்சி. எல்லாம் ஒரே நாள்ல பறிச்சிருக்கணுமாம். முதல்லேர்ந்து செய்யணும்."

கண் கலங்கியிருந்தது.

"இப்பவே மொத்தத்தையும் பறிச்சுக்கோட்டி."

"செடி செத்துரும்னீங்களே?"

வெறும் பையோடு போனாள்.

நவ. 29, சனி

வரவில்லை. மத்தியானம் போன்.

"நர்சரிலேர்ந்து மொத்தமா வாங்கியாச்சு ஆச்சி. இனிமே உங்க செடியத் தொட மாட்டேன். டென்ஷன் வேணாம்."

"இலை இல்லாட்டி என்ன? சும்மா வரப்படாதா?"

பின்னால் ஆண் குரல். அவன்தான். எத்தனை வருஷமானாலும் தெரியும்.

"யாரும்மா போன்ல?"

"லேப் விஷயம்ப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.